வெளிநாட்டில் பணிபுரியும் ஆசிரியருக்கு வார இறுதி ஒரு நாள் பயணங்கள்: முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுப் பள்ளியொன்றில் பணியேற்ற ஆசிரியரின் ஓய்வு நேரம், அந்த நாட்டுக்கு வந்துபோகும் சுற்றுலாப் பயணியின் ஓய்வு நேரத்தைப் போன்றதன்று. பருவ விடுமுறைகள் நீளமானவைதாம். ஆனால் அவற்றில் பெரும்பகுதி தாய்நாட்டுக்குச் சென்று வருவதிலேயே கழிந்துவிடுகிறது. ஆகவே, பணிபுரியும் நாட்டை அறிந்துகொள்ள உண்மையில் எஞ்சுபவை வார இறுதிகள் மட்டுமே. அந்த இரண்டு நாட்களிலும் விடைத்தாள் திருத்தமும், அடுத்த வாரத்துப் பாடத் தயாரிப்பும், வீட்டு வேலைகளும், வேறொரு நேர மண்டலத்தில் இருக்கும் குடும்பத்தாருடன் பேசும் நேரமும் தத்தம் பங்கைக் கேட்கின்றன. எனவே ஆசிரியரின் ஒரு நாள் பயணம், புறப்படும் நேரத்திலிருந்து திட்டமிடப்படக் கூடாது. வாரத்தின் முதல் வகுப்பில் தெளிந்த முகத்தோடு நிற்க வேண்டும் என்பதை முதலில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடப்பட வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் எல்லாப் படிகளும் அந்த ஒரு கருத்தையே அடிப்படையாகக் கொண்டவை.

படி 1: ஆவணங்கள் சரியாகும் வரை எல்லையைக் கடக்க வேண்டாம்

புதிதாக வந்திறங்கிய முதல் சில வாரங்களில் உங்கள் கடவுச்சீட்டு குடியிருப்பு அனுமதிக்காகப் பள்ளியின் மனிதவளப் பிரிவிலோ குடிவரவு அலுவலகத்திலோ இருக்கக்கூடும். உங்கள் கையிலேயே இருந்தாலும், நீங்கள் நுழைந்த விசா ஒருமுறை மட்டும் நுழைவதற்கானதாக இருந்தால், குடியிருப்பு அனுமதி வருமுன் நாட்டை விட்டு வெளியேறுவது அந்த அனுமதிக்கான நடைமுறையையே குலைத்துவிடலாம். பக்கத்து நாட்டு நகரம் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது என்பதற்காக, இந்தக் காலத்தில் அங்கே போய்வர நினைப்பது வேண்டாத துணிவு. உள்நாட்டுப் பயணங்களே இந்த வாரங்களுக்குப் போதும்.

அனுமதி வந்த பிறகும், மீண்டும் நுழைவது பற்றிய விதி நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. சவூதி அரேபியாவில் பணிபுரியும் வெளிநாட்டவர் வெளியே சென்று திரும்புவதற்கென்றே தனி விசா பெற வேண்டும். ஜப்பானில் குடியிருப்பு அட்டை உள்ளவர், ஓராண்டுக்குள் திரும்புவதாக இருந்தால் தனி அனுமதி தேவையில்லை; ஆனால் வெளியேறும்போது நிரப்பும் படிவத்தில், திரும்பி வரும் எண்ணம் உண்டு என்பதைக் குறிக்கும் கட்டத்தில் அடையாளமிட வேண்டும். ஒரு சிறு கட்டம்தான் என்றாலும், அதை விட்டுவிட்டால் குடியிருப்புத் தகுதியே கேள்விக்குள்ளாகும். தமக்குள் வழக்கமான எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் ஒன்று வழங்கிய குடியிருப்பு அனுமதி செல்லுபடியாக இருந்தால், எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் தங்கலாம். வார இறுதிப் பயணங்களுக்கு இது தாராளமான ஏற்பாடு. இதற்கு நேர்மாறானது அயர்லாந்தின் நிலை. அயர்லாந்துக் குடியரசுக்கும் பிரிட்டனுக்கு உட்பட்ட வட அயர்லாந்துக்கும் இடையிலான சாலையில் வழக்கமான கடவுச்சீட்டுச் சோதனை இல்லாததால், வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்ட்டுக்குப் போய்வருவது உள்நாட்டுப் பயணம் போலவே தோன்றும். ஆனால் பிரிட்டனுக்கு விசா தேவைப்படும் நாட்டின் குடிமகனாக நீங்கள் இருந்தால், அயர்லாந்தில் வசிக்கும் உரிமை அந்த விசாவுக்கு ஈடாகாது. எல்லையில் காவலர் இல்லை என்பதும் எல்லையைக் கடக்க அனுமதி இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. ஒரே பள்ளியில் பணிபுரிந்தாலும் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் சக ஆசிரியருக்குப் பொருந்தும் விதி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதால், அவர் சொல்வதை மட்டும் நம்பாமல் அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வ அறிவிப்பைப் பார்ப்பது கட்டாயம்.

உள்நாட்டுப் பயணத்திலும் அடையாள ஆவணம் உடன் இருக்க வேண்டும். ஜப்பானில் 16 வயது நிறைந்த வெளிநாட்டுக் குடியிருப்பாளர்கள் குடியிருப்பு அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்கச் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. சீனாவில் அதிவேக ரயில் பயணச்சீட்டு உங்கள் கடவுச்சீட்டு எண்ணுடன் இணைக்கப்படுவதால், அதை வீட்டில் வைத்துவிட்டு நிலையத்துக்குப் போவதில் பயனில்லை.

வாடகைக் கார் எடுக்க எண்ணுபவர்களுக்கு ஒன்று. சர்வதேச ஓட்டுநர் அனுமதி பெரும்பாலும் வருகையாளர்களுக்கானது. குடியிருப்பாளராகிவிட்ட பிறகு பல நாடுகள் அதை ஏற்பதில்லை, உள்ளூர் உரிமத்தைக் கேட்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் இதுவே விதி. அனுமதியின் வகையும் முக்கியமானது: 1949ஆம் ஆண்டின் ஜெனிவா ஒப்பந்தப்படி வழங்கப்பட்ட சர்வதேச அனுமதியை ஜப்பான் ஏற்கிறது, 1968ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தப்படி வழங்கப்பட்டதை ஏற்பதில்லை. செல்லாத உரிமத்துடன் விபத்தில் சிக்கினால் காப்பீடும் கைகொடுக்காது, வேலைக்கும் ஆபத்து. இதில் ஐயம் இருந்தால் ரயிலில் செல்லுங்கள்.

படி 2: உங்கள் வார இறுதி எது என்பதை அறியுங்கள்

வார இறுதி என்றால் சனியும் ஞாயிறும் என்று எல்லா இடங்களிலும் கொள்ள முடியாது. ஓமான், கத்தார், குவைத், சவூதி அரேபியா ஆகிய நாடுகளில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறி, வெள்ளிக்கிழமையை அரை நாளாக்கியது. அதே நாட்டிலேயே ஷார்ஜா மட்டும் வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாள் விடுமுறையை ஏற்றுக்கொண்டது. புரூணையின் அரசுத் துறைகளில் வெள்ளியும் ஞாயிறும் விடுமுறை. சனிக்கிழமை வேலை நாள். அங்கே பணிபுரிபவருக்கு இரண்டு தனித்தனி விடுமுறை நாட்கள் மட்டுமே உண்டு என்பதால், ஒரு நாள் பயணத்தைத் தவிர வேறு வகைப் பயணம் வார இறுதியில் இயலாது.

இரண்டு நாட்களில் எந்த நாளில் புறப்படுவது? முதல் நாளே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. முதல் நாள் பயணம், இரண்டாம் நாள் ஓய்வும் பாடத் தயாரிப்பும் என்று அமைத்துக்கொண்டால், வண்டி தாமதமானாலும், கால் வலித்தாலும், இரவு நேரம் கழித்து வீடு சேர்ந்தாலும் அதன் சுமை வகுப்பறைக்கு வந்து சேராது. இதற்கு விதிவிலக்கு, வெள்ளியும் சனியும் விடுமுறையாக உள்ள வளைகுடா நாடுகள். அங்கே முதல் நாள் வெள்ளிக்கிழமை. அருங்காட்சியகங்களும் கோட்டைகளும் அன்று நண்பகல் தொழுகைக்குப் பிறகே திறப்பதும், பொதுப் பேருந்துகள் குறைவாக ஓடுவதும் வழக்கம். கட்டடங்களைப் பார்ப்பதாக இருந்தால் சனிக்கிழமையும், மலை, கடற்கரை போன்ற திறந்தவெளி இடங்களானால் வெள்ளிக்கிழமை விடியற்காலையும் பொருத்தமானவை.

வார நாளில் வரும் பள்ளி விடுமுறையையும் கவனிக்க வேண்டும். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமையும் ஓர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமையும் மூடப்படுகின்றன. ஜப்பானில் பல அருங்காட்சியகங்கள் திங்களன்று மூடியிருக்கும். அந்தத் திங்கள் தேசிய விடுமுறையாக அமைந்தால், அன்று திறந்திருந்து செவ்வாயன்று மூடும்.

படி 3: பயணத்துக்கு முந்தைய வாரத்தை ஒழுங்கு செய்யுங்கள்

ஒரு நாள் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் வழியிலன்று. அதற்கு முந்தைய வார நாட்களில்தான். அடுத்த வாரத்தின் முதல் நாளுக்குரிய பாடக் குறிப்புகளும் நகலெடுக்க வேண்டிய தாள்களும் வாரத்தின் கடைசி வேலை நாளில் பள்ளியை விட்டுக் கிளம்புமுன் மேசையில் தயாராக இருக்க வேண்டும். வாரம் முழுவதற்கும் தயாரிப்பது இயலாத செயல். முதல் நாளுக்கு மட்டும் தயாரிப்பது இயலும், அதுவே போதும்.

விடைத்தாள்களை ரயிலில் திருத்திக்கொள்ளலாம் என்று எண்ணி எடுத்துச் செல்லும் பழக்கம் ஆசிரியர்களிடையே பரவலாக இருக்கிறது. இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். மாணவரின் பெயரும் மதிப்பெண்ணும் கொண்ட தாள் ஒரு தனிநபர்த் தகவல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம் போன்ற விதிகள் உள்ள நாடுகளில், அத்தகைய தாள்களைப் பேருந்து இருக்கையில் தவறவிடுவது பள்ளி விளக்கமளிக்க வேண்டிய விதிமீறலாகிவிடலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு குழந்தை எழுதிய தேர்வுத்தாளைத் தொலைத்துவிட்டு அந்தக் குழந்தையின் முன் நிற்க எந்த ஆசிரியராலும் இயலாது. பள்ளி மடிக்கணினிக்கும் இதே விதி.

பள்ளியின் ஆண்டு நாட்காட்டி கையில் கிடைத்ததும், தேர்வு வாரங்கள், மதிப்பெண் அறிக்கை தர வேண்டிய நாட்கள், பெற்றோர் சந்திப்புகள், வார இறுதியில் வரும் விளையாட்டு விழா, மேற்பார்வைப் பணி ஆகியவற்றைக் குறித்துவிடுங்கள். மீதமிருப்பவையே உங்கள் பயண வாரங்கள். தொடர்ந்து எல்லா வாரமும் வெளியே போக வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பது, சோர்வில்லாமல் ஆண்டு முழுவதும் தொடரக்கூடிய வேகம்.

படி 4: தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள்

அளக்க வேண்டியது வீட்டு வாசலிலிருந்து சேருமிட வாசல் வரை ஆகும் மொத்த நேரத்தை. வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடக்கும் நேரம், வண்டிக்குக் காத்திருக்கும் நேரம், இறங்கிய பின் மீண்டும் நடக்கும் நேரம் ஆகிய மூன்றையும் சேர்த்தால், "ஒரு மணி நேர ரயில் பயணம்" என்று சொல்லப்படும் ஊர் உண்மையில் ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் இருப்பது தெரியவரும். ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகுமானால் அதை ஒரு நாள் பயணமாகக் கொள்ளாமல் நீண்ட விடுமுறைக்கு ஒதுக்குவது நல்லது. போகவரச் செலவாகும் மொத்த நேரத்தை விட, இடத்தில் இருக்கும் நேரம் அதிகமாக இருக்க வேண்டும் என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

வண்டி மாறும் எண்ணிக்கை தூரத்தை விடப் பெரிய விஷயம். நூறு கிலோமீட்டர் நேரடி ரயிலில் செல்வது, நாற்பது கிலோமீட்டரை மூன்று பேருந்துகள் மாறிக் கடப்பதை விட எளிது. ஏனெனில் ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு வண்டி தவறினால் அடுத்தது எப்போது என்ற கேள்வி எழுகிறது, அதுவும் வார இறுதிக் கால அட்டவணையில். ஆகவே முதல் பயணங்கள் உங்கள் ஊரிலிருந்து நேரடி வண்டி உள்ள இடங்களாக இருக்கட்டும். மொழியும் அறிவிப்புப் பலகைகளும் பழகிய பின் ஒரு மாற்றம் உள்ள இடங்களுக்குச் செல்லலாம்.

எங்கே போவது என்பதற்குச் சிறந்த வழிகாட்டி, பள்ளியில் பணிபுரியும் உள்ளூர்க்காரர்கள். "இங்கே பார்க்க வேண்டிய இடங்கள் எவை?" என்று கேட்டால் விளம்பரங்களில் உள்ள பெயர்களே பதிலாக வரும். "விடுமுறை நாளில் உங்கள் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வீர்கள்?" என்று அலுவலகப் பணியாளரிடமும், ஆய்வக உதவியாளரிடமும், பள்ளிப் பேருந்து ஓட்டுநரிடமும் கேளுங்கள். அந்தப் பதில்களில் வரும் அணைக்கட்டுகளும், சிற்றூர்களும், ஆற்றங்கரைகளும் ஒரு நாளுக்குள் அடங்குபவை. எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது என்பதும் சேர்ந்தே கிடைக்கும்.

படி 5: திரும்பும் வண்டியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

இதுவே வழிகாட்டியின் மையமான படி என்பதால், கணக்கு ஒன்றை முழுமையாகப் போட்டுக் காட்டுகிறேன். மறுநாள் காலை 7.30 மணிக்கு முதல் வகுப்பு என்றும், தவிர்க்க முடியாமல் வார இறுதியின் இரண்டாம் நாளில் பயணம் அமைந்துவிட்டது என்றும் கொள்வோம். காலை 5.30க்கு எழ வேண்டும். எனவே இரவு 10 மணிக்குப் படுக்க வேண்டும். குளித்து, சாப்பிட்டு, பாடக் குறிப்பை ஒருமுறை பார்க்க இரண்டரை மணி நேரம் வேண்டும். ஆகவே வீட்டில் இருக்க வேண்டிய நேரம் மாலை 7.30. நிலையத்திலிருந்து வீட்டுக்கு 25 நிமிடம். ரயில் பயணம் 75 நிமிடம். அப்படியானால் மாலை 5.50க்குள் ரயில் புறப்பட்டிருக்க வேண்டும். கால அட்டவணையில் ஒவ்வொரு மணிக்கும் 40ஆவது நிமிடத்தில் வண்டி இருக்கிறது என்றால், உங்கள் வண்டி 5.40. பார்க்கும் இடத்திலிருந்து நிலையத்துக்கு 20 நிமிட நடை, அதற்கு மேல் 15 நிமிடம் கையிருப்பு. இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் 5.05.

காலையில் 7.45க்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு 8.20 ரயிலைப் பிடித்தால் 9.55க்கு இடத்தில் இருப்பீர்கள். அங்கே செலவிடக் கிடைப்பவை 7 மணி 10 நிமிடங்கள். பயணத்தில் செலவாவது 4 மணி 25 நிமிடங்கள். 5.40 வண்டி தவறினாலும் 6.40 வண்டியில் ஏறி 8.20க்கு வீடு சேரலாம். படுக்கும் நேரம் தப்பாது. இந்தக் கடைசி வரிதான் திட்டம் நல்ல திட்டமா என்பதைச் சொல்கிறது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் வண்டிக்குப் பின்னால் குறைந்தது இன்னும் ஒரு வண்டியாவது இருக்க வேண்டும். கடைசி வண்டியை நம்பி அமைத்த திட்டம், அந்த வண்டி ரத்தானால் இரவு தங்கும் அறை தேடுவதில் முடியும்.

அட்டவணையைப் பார்க்கும்போது நீங்கள் பயணிக்கும் தேதியை இட்டுப் பார்க்க வேண்டும். வார நாள், சனி, ஞாயிறு, பொது விடுமுறை என்று பல நாடுகளில் அட்டவணைகள் தனித்தனியாக இருக்கின்றன. பிரிட்டனில் ரயில் பாதைப் பராமரிப்பு வேலைகள் பெரும்பாலும் வார இறுதியில் நடப்பதால், ரயிலுக்குப் பதில் பேருந்து ஓடும் பகுதிகள் அறிவிக்கப்படுகின்றன. ஒரு மணி நேரப் பயணம் இரண்டாகிவிடுவது அப்போதுதான். இன்னொன்றும் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்றும், அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, நவம்பரின் முதல் ஞாயிறு ஆகிய நாட்களிலும் கடிகாரம் ஒரு மணி நேரம் மாற்றப்படுகிறது. கடிகாரத்தை முன்னே தள்ளும் ஞாயிறு காலையில் நீண்ட பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பகல் வெளிச்சத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பூமத்திய ரேகைக்கு அருகே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரப் பகல் உண்டு என்பதால், அங்கிருந்து வருபவருக்கு இது எளிதில் தோன்றாது. டிசம்பரின் பிற்பாதியில் லண்டனில் பகல் 8 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. ஹெல்சிங்கியில் 6 மணி நேரம்கூட இல்லை. அத்தகைய மாதங்களில் வெளியே நடக்கும் பகுதியை முதலிலும் கட்டடத்துக்குள் பார்க்கும் பகுதியைப் பிற்பகலிலும் வைக்க வேண்டும்.

படி 6: பயணச்சீட்டும் கட்டணச் சலுகையும்

வார இறுதிப் பயணிக்கு உதவும் சலுகைகள் பல நாடுகளில் இருக்கின்றன. அவற்றின் நிபந்தனைகளைப் படித்தால்தான் பயன். ஜெர்மனியின் மாநில நாள்-சீட்டு வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். சனி, ஞாயிறுகளில் நள்ளிரவிலிருந்தே செல்லும். ஆனால் அதை வைத்துக்கொண்டு அதிவேக ரயிலில் ஏறக் கூடாது, வட்டார ரயில்கள் மட்டுமே. குழுவாகச் சென்றால் தலைக்கு ஆகும் செலவு வெகுவாகக் குறையும். ஜப்பானின் புகழ்பெற்ற "செய்ஷுன் 18" ரயில் சீட்டை முன்பு விரும்பிய ஐந்து நாட்களில் பிரித்துப் பயன்படுத்தலாம். 2024 குளிர்காலத்திலிருந்து தொடர்ச்சியான நாட்களில்தான் பயன்படுத்த முடியும் என்று மாற்றப்பட்டதால், வார இறுதிக்கு அது இனிப் பொருந்தாது. பழைய பயணக் குறிப்புகளை நம்பி அதை வாங்குபவர்கள் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அருங்காட்சியகங்களைப் பொறுத்தவரை, இத்தாலியில் அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறன்று கட்டணமில்லாமல் திறக்கின்றன. கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம், தேசிய ஓவியக்கூடம் ஆகியவற்றின் நிரந்தரக் காட்சிகளுக்கு எந்த நாளிலும் கட்டணமில்லை. முழுநேர ஆசிரியர்களுக்கென்று சர்வதேச ஆசிரியர் அடையாள அட்டை ஒன்றும் உண்டு. அது இல்லாவிட்டாலும், பள்ளி அடையாள அட்டையைக் காட்டி "ஆசிரியருக்குச் சலுகை உண்டா?" என்று நுழைவாயிலில் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

படி 7: வானிலையும் நிலமும்

பயணத்துக்கு முந்தைய இரவும் அன்று காலையும் என்று இருமுறை அந்நாட்டு வானிலைத் துறையின் முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும். சேருமிடத்தின் வானிலையோடு அதற்கு மேலே உள்ள நிலத்தின் வானிலையையும் பார்க்க வேண்டியது மலைநாடுகளிலும் பாலைநிலங்களிலும் உயிர் காக்கும் செயல். ஓமானின் வறண்ட ஆற்றுப் படுகைகளில், தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே, தொலைவிலுள்ள மலையில் பெய்த மழை வெள்ளமாக வந்துவிடுகிறது. நீர் ஓடும் படுகையைக் காரில் கடக்க முயல வேண்டாம். நீர் வடியும் வரை காத்திருப்பது ஒன்றே வழி. ஹாங்காங்கில் 8ஆம் எண் புயல் எச்சரிக்கை ஏற்றப்பட்டால் படகுகளும் பேருந்துகளும் படிப்படியாக நிறுத்தப்படும். தீவுகளுக்குச் சென்றிருப்பவர், 3ஆம் எண் எச்சரிக்கை இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும்.

மலையேற்றத்துக்கான நேரத்தைக் கணக்கிட, ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நைஸ்மித் 1892இல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது. ஒவ்வொரு 5 கிலோமீட்டர் நடைக்கும் ஒரு மணி நேரம். அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர் நடந்து 600 மீட்டர் ஏறும் பாதைக்கு மூன்று மணி நேரம் ஆகும். இது ஓய்வில்லாமல் நடக்கும் பழகிய கால்களுக்கான கணக்கு. வாரம் முழுவதும் வகுப்பறையில் நின்ற கால்களுக்கு அதில் பாதியைக் கூட்டிக்கொள்வது நியாயம்.

வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரின் கடுமையைக் காட்டும் புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொப்பியும் நிழலும் தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இடியோசை கேட்டவுடன் கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ சென்று, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருந்து வெளியே வாருங்கள்.

படி 8: பையும் கைபேசியும்

பை சிறிதாக இருக்கட்டும். தண்ணீர், அன்றாடம் உட்கொள்ளும் மருந்து, மழைச்சட்டை, அடையாள ஆவணம், சிறிது ரொக்கம், பவர் பேங்க் ஆகியவை போதும். கைபேசியில் செய்ய வேண்டிய வேலை அதிகம். அந்தப் பகுதியின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி பதிவிறக்க வேண்டும். கைபேசி அலைவரிசை இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும். பயணச்சீட்டையும் திரும்பும் வண்டிகளின் நேரத்தையும் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு முகவரி, ஒவ்வாமை இருந்தால் அதன் விவரம், பள்ளியின் அவசரத் தொடர்பு எண் ஆகியவற்றை அந்நாட்டு எழுத்தில், பள்ளியிலுள்ள ஒருவரைக் கொண்டு எழுதி வாங்கி, ஒரு தாளில் பையிலும் வைத்திருங்கள். கைபேசி அணைந்துபோனால் அந்தத் தாள் பேசும்.

அவசர எண்களை மனப்பாடமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112. ஜப்பானில் காவல்துறைக்கு 110, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119. தென் கொரியாவில் காவல்துறைக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 119.

பள்ளி தரும் மருத்துவக் காப்பீட்டின் எல்லையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். குறிப்பிட்ட மருத்துவமனைகளில் மட்டும், அல்லது அந்த நாட்டுக்குள் மட்டும் செல்லும் காப்பீடுகள் பல. மலை மீட்புச் செலவை ஏற்காதவையும் உண்டு. எல்லை கடக்கும் நாளுக்குத் தனியாகப் பயணக் காப்பீடு எடுப்பது அவசியமா என்பது இதைப் படித்தால்தான் தெரியும்.

படி 9: யாருடன் செல்வது, எப்படி நடந்துகொள்வது

சக ஆசிரியர்களுடன் செல்வது செலவையும் அச்சத்தையும் குறைக்கிறது. ஆனால் பேச்சு பள்ளியைச் சுற்றியே வந்துகொண்டிருந்தால் அது ஆசிரியர் அறையின் நீட்சியாகிவிடும். புறப்பட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பள்ளியைப் பற்றிப் பேசுவதில்லை என்று வெளிப்படையாகவே உடன்பாடு செய்துகொள்வது பலனளிக்கிறது. தனியாகச் செல்வதாக இருந்தால், எங்கே செல்கிறீர்கள், எந்த வண்டியில் திரும்புகிறீர்கள் என்பதை ஒருவருக்கு எழுதி அனுப்பிவிட்டு, வீடு சேர்ந்ததும் மறக்காமல் தெரிவியுங்கள். குழந்தைகளுடன் செல்பவர்கள் ஒரு நாளுக்கு ஓர் இடம் என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சிறிய ஊரில் பணிபுரியும் வெளிநாட்டு ஆசிரியரை எல்லோருக்கும் தெரியும். கடற்கரையிலும் ரயிலிலும் மாணவரையும் பெற்றோரையும் சந்திப்பீர்கள். அன்போடு வணங்கி, இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவரவர் வழியில் செல்வதே இருதரப்புக்கும் நல்லது. மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டால், பள்ளியில் பேசுவோம் என்று சொல்லிவிடலாம். மாணவர் இடம்பெறும் படங்களை எடுப்பதும் பகிர்வதும் கூடாது. தனியே வசிப்பவர்கள், தாம் இருக்கும் இடத்தை உடனுக்குடன் சமூக ஊடகத்தில் இடாமல், வீடு திரும்பிய பின் இடுவது பாதுகாப்பானது.

படி 10: இடத்திலும், திரும்பிய பின்னும்

ஒரு நாளில் இரண்டு இடங்களுக்கு மேல் திட்டமிட வேண்டாம். ஒன்று நீங்கள் கட்டாயம் பார்க்க வந்தது. மற்றொன்று நேரம் இருந்தால் பார்ப்பது. எஞ்சும் நேரம் சந்தையில் நடப்பதற்கும், ஆற்றங்கரையில் உட்காருவதற்கும், அறிவிப்புப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கும் உரியது. மொழி கற்றுக்கொண்டிருப்பவருக்கு இந்த நேரம் மிகப் பயனுள்ளது: பயணச்சீட்டு வாங்குவது, வழி கேட்பது, நேரம் விசாரிப்பது ஆகிய மூன்று உரையாடல்களை மட்டும் முன்கூட்டிப் பழகிக்கொண்டு போய், அன்று முழுவதும் அவற்றை அந்நாட்டு மொழியிலேயே நடத்துங்கள்.

திரும்பிய இரவு, தூங்குமுன் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். எந்த வண்டி, எங்கே மாறியது, உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது, எந்த நாளில் மூடியிருக்கும், எந்தப் பருவத்தில் மீண்டும் வர வேண்டும் என்பவை போதும். அட்டவணை சொன்ன நேரத்துக்கும் உங்களுக்கு ஆன நேரத்துக்கும் உள்ள வேறுபாடு, அடுத்த பயணத்தின் கணக்கைத் திருத்திக்கொள்ள உதவும். ஒரே இடத்துக்கு வேறொரு பருவத்தில் இரண்டாம் முறை செல்வதைத் தயங்காமல் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வழி தேடும் பதற்றம் இல்லாததால், முதல்முறை கண்ணில் படாதவை அப்போது தெரியும், அந்தச் சந்தைக்காரர் உங்களை அடையாளம் கண்டு பேசவும் கூடும். பணி ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது, அந்தக் குறிப்பேட்டின் நகலை அடுத்து வரும் ஆசிரியருக்குப் பள்ளியில் விட்டுச் செல்லுங்கள். வண்டி எண்களும் நேரங்களும் மாறியிருக்கலாம் என்பதால், ஒவ்வொரு பக்கத்திலும் எழுதிய மாதத்தையும் ஆண்டையும் தவறாமல் குறித்திருக்க வேண்டும்.